வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ்

இராயபுரம்,
12 ஜூன் 2006

அன்புத் தங்கை ஞானசெல்விக்கு,

அண்ணன் ஆசீர்வாதம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மதினியும் சுகம். முழங்கால்தான் படியேறும்போது முனகுகிறது. பாளையங்கோட்டையில் காற்றுக்காலம் தொடங்கியிருக்குமே, உன் இளைப்பு எப்படி இருக்கிறது?

கோடை விடுமுறையில் வந்தபோது நீ சொல்லிக்கொடுத்தபடியே நம் பார்வையற்றோர் வாசகசாலைக் கம்ப்யூட்டரைப் பார்த்துவருகிறேன். சரியாகச் செய்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருவதால் எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல். லினக்ஸின் அமைப்புக் கோப்பு எதையும் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்து, தேதியோடு பெயர் வைக்கிறேன். இன்னொரு கன்சோலில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தபடியே விடுகிறேன். இங்கே கெட்டால் அங்கே போய்ச் சரிசெய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். சேமித்த பிறகு, எல்லாக் குறிகளையும் சொல்லும்படி பேசும் நிரலை வைத்து முதல் வரியிலிருந்து கேட்கிறேன். ஹாஷ் குறியில் தொடங்கும் வரியைக் கம்ப்யூட்டர் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும் என்று சொன்னாயே, அந்தக் குறிக்குத்தான் அதிகமாகக் காது கொடுக்கிறேன். கண் உள்ளவர்கள் ஒரு பார்வையில் முடிப்பது எனக்கு வெகுநேரம் பிடிக்கிறது. ஆனாலும் இதுவரை ஒரு நாள்கூட கம்ப்யூட்டர் ஊமையானதில்லை.

ரூட் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலைக்காலம் முழுவதும் துறைமுகத்தில் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் என் குரலைக் கேட்டது. என்னைக் கேட்டு ஒருவரும் கூப்பிட்டதில்லை. இங்கேதான் பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் வாசலிலேயே “ஆசீர்வாதம் சார் வந்துட்டாரா?” என்று கேட்கிறார்கள்.

புதிதாக ஒருவர் வருகிறார். லியாகத் அலி, தண்டையார்பேட்டைக்காரர். கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில் இருந்தவர். சர்க்கரை நோயில் மூன்று வருஷம் முன்பு கண் போயிற்று. நன்றாகச் சிரிக்கிறார்.

அன்புடன் அண்ணன்,
ஆசீர்வாதம்

*

பாளையங்கோட்டை,
25 ஜூன் 2006

பிரியமுள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இளைப்பு வருகிறது, போகிறது, பழைய சிநேகிதி மாதிரி. மதினியை முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு தவறும் இல்லை. இங்கே பள்ளியில் நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் யாரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை. அதிகமாகப் பயப்படுகிறீர்கள், அது ஒன்றுதான் குறை.

லியாகத் பாயைப் பற்றி இன்னும் எழுதுங்கள். நடு வயதில் கண் போனவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது சின்ன விஷயமில்லை. பிரெயில் தெரியுமா? தெரிந்தால் எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.

தங்கை,
செல்வி

*

இராயபுரம்,
20 ஜூலை 2006

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. சுகம், சுகம் அறிய ஆவல். மதினி ஒத்தடம் கொடுக்கிறாள்.

லியாகத்துக்குப் பிரெயில் தெரியாது. இப்போதுதான் கற்றுக்கொள்கிறார்; புள்ளிகளைத் தலைகீழாகக் குத்துகிறார். ஆகவே உனக்கு எழுத நாளாகும்.

ஆனால் கம்ப்யூட்டரில் அவர் கை வேகம். நான் சொல்லிக்கொடுப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார். பேச்சின் வேகத்தையும் ஏற்றிவிட்டார். குறிகளைச் சொல்லவே வேண்டாம் என்று நிறுத்தியும் வைத்திருக்கிறார். நான் காரணம் சொன்னேன். அவர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இன்னா நைனா, உன் மிஷினு ஒவ்வொரு புள்ளிக்கும் நின்னு சலாம் போட்டுகினு போவுது. இப்டி படிச்சா ஒரு பக்கம் முடியறதுக்குள்ள ஊரே ரிடையர் ஆயிடும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஹில்டாவும் சிரித்தார். உனக்குத் தெரியுமே, கண் உள்ளவர், எதற்கும் லேசில் சிரிக்காதவர். நானும் சிரித்தேன்.

அவருடைய மனைவி ஷரீஃபுன்னிசா தினமும் சமோசா கொடுத்தனுப்புகிறார். பிள்ளைகள் இப்போது லியாகத்தின் பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள். ஹில்டா டீ கொண்டுவந்தால் டம்ளர் வைக்கும் சத்தம் முதலில் அந்தப் பக்கம்தான் கேட்கிறது. இதையெல்லாம் நான் கவனிப்பதாக நினைக்காதே. காதில் விழுகிறது. அமைப்புக் கோப்புகளின் பாதுகாப்பை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்

*

பாளையங்கோட்டை,
9 ஆகஸ்ட் 2006

அண்ணனுக்கு,

சுகம்தான். மழைச்சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

முழங்காலுக்கு ஒரு வரி, லியாகத் பாய்க்கு ஒன்றரைத் தாள். சமோசா நன்றாக இருந்ததா என்றுகூட எழுதவில்லை. தின்றீர்களா இல்லையா?

குறிகளை நிறுத்தி வைப்பது ஆபத்துதான், அதில் நீங்கள் சொல்வது சரி. கதை கேட்கும்போது நிறுத்தலாம், கோப்பைத் திருத்தும்போது கூடாது. சபையில் சொன்னால் சிரிப்பார்கள். தனியாக உட்காரவைத்து ஒரு தரம் செய்துகாட்டுங்கள்.

செல்வி

*

இராயபுரம்,
10 செப்டம்பர் 2006

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் காப்பில் இருக்கிறோம். இந்த வாரம் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் டாக்டர். நீ கவலைப்படாதே.

வாசகசாலைக் கமிட்டி கூடியது. எனக்கு வயதாகிறதாம், ஒருவரிடம் மட்டும் பாஸ்வேர்டு இருப்பது நல்லதில்லையாம். லியாகத்துக்கும் கொடுக்கச் சொன்னார்கள். நியாயமான யோசனை. நானே அவர் காதில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ கீறப்போ எனக்கு எதுக்கு நைனா இது? ஒரு அவசரத்துக்கு வச்சிக்கிறேன்” என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் முதல் தடவையாக ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தினார். கம்ப்யூட்டர் எழும்போது எந்தெந்தக் கருவியை எழுப்ப வேண்டும் என்ற கோப்பு. எங்களிடம் இல்லாத ஒரு மோடத்துக்கான வரி அதில் இருந்தது. அதற்கு முன்னால் ஹாஷ் வைத்து முடக்குவதுதான் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தேதி போட்டு நகல் எடுத்தார், அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் குறிகளைப் பேசவிடவில்லை. நான் தனியாகச் செய்துகாட்டவும் இல்லை. சேமித்துவிட்டு, “முட்சாச்சு” என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு, பூட்டுவதற்கு முன், வழக்கம்போல அந்தக் கோப்பை எல்லாக் குறிகளோடும் ஒரு தடவை கேட்டேன். மோடம் வரிக்கு முன்னால் ஹாஷ் இருந்தது. வேறு வரிக்கு முன்னாலும் ஒன்று கேட்டது. பிறகு பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மதினி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்

*

பாளையங்கோட்டை,
22 செப்டம்பர் 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

மாத்திரையை விடாமல் போடுங்கள். உப்பைக் குறையுங்கள்.

வேறு எந்த வரி? அந்த இடத்தில் ஒரு சொல்லைக் குத்திவிட்டு நகத்தால் அமுக்கி அழித்திருக்கிறீர்கள். தாளைத் தடவினால் மேடு தெரிகிறது, படிக்கத்தான் முடியவில்லை. திருத்திவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். எதையும் கடைசி வரைக்கும் எழுதுகிறவர் ஆயிற்றே நீங்கள், அதனால் கேட்கிறேன்.

செல்வி

*

இராயபுரம்,
18 அக்டோபர் 2006

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சுகம்தான். பிரஷர் கொஞ்சம் ஏற்றம்.

கம்ப்யூட்டர் நன்றாகப் பேசுகிறது. நாங்கள் அதை அணைப்பதே இல்லை, உனக்குத் தெரியும். அணைத்து எழுப்பினால்தான் அமைப்புக் கோப்புகளை மறுபடி படிக்கும். லியாகத் அதற்குப் பிறகும் பல கோப்புகளில் கை வைத்துவிட்டார். ஒன்றும் கெடவில்லை. பிள்ளைகளுக்கு நவம்பரில் பரீட்சை. ஸ்கேன் செய்த பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை கரண்ட் போயிற்று, யு.பி.எஸ். தாங்கிக்கொண்டது. பேட்டரி பழையது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. கரண்ட் போனதும் அந்த யு.பி.எஸ். கூவுகிறது, பார், அது கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

லியாகத் நேற்று என்னைக் கேட்டார்: “இன்னா நைனா, கொஞ்ச நாளா பேச மாட்டேங்கறே. எம் மேல எதுனா பேஜாரா?” இல்லை என்றேன்.

அண்ணன்

*

இராயபுரம்,
12 நவம்பர் 2006

என் அன்புத் தங்கைக்கு,

சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம், மனசும் சேர்த்து.

அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் இராயபுரம் முழுவதும் தண்ணீர். ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். கூவிக் கூவி அணைந்தது. மறுநாள் கரண்ட் வந்ததும் ஹில்டா கம்ப்யூட்டரைப் போட்டார். பேச்சு இல்லை. திரையில் பிழை எதுவும் இல்லை, லாகின் கேட்டு நிற்கிறது என்றார். லியாகத் என்னென்னவோ தட்டினார். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். “சவுண்டு கார்டு பூட்ச்சு” என்றார் கடைசியில். பிள்ளைகள் ஒரு வாரம் வந்து வந்து திரும்பிப் போனார்கள். ஒரு பெண் அழுதது. ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டுத்தருவதாகச் சொன்னார். பாடங்கள் போய்விடுமே என்றதற்கு, போகத்தான் செய்யும் என்றார். ஹில்டா சனிக்கிழமை வரச்சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் போய், ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஊமைக் கம்ப்யூட்டரில் தட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரூட் என்று அடித்தேன். பாஸ்வேர்டை அடித்தேன். டிஸ்க் லேசாகக் கரகரத்தது, உள்ளே விட்டுவிட்டது என்று அதைக்கொண்டுதான் தெரிந்தது. நகலை எடுத்துக் கோப்பின் மேல் போட்டு, மறுபடி எழுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பேசியது, செல்வி. பிள்ளைகள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீ முதலில் என் பக்கம் வந்தது. பரீட்சைக்கும் நாள் இருக்கிறது.

லியாகத் ஹில்டாவிடம், “இனிமே நைனாவே பாத்துக்கட்டும், பாஸ்வேர்ட மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம். பிறகு வரவில்லை.

பழையபடி ஆகிவிட்டது.

அண்ணன் ஆசீர்வாதம்

*

பாளையங்கோட்டை,
20 நவம்பர் 2006

அண்ணனுக்கு,

நான் சுகம்.

ஊமைக் கம்ப்யூட்டரில் எதையும் தேட முடியாது. ஹில்டாவைத் திரையைப் படிக்கச் சொன்னதாகவும் நீங்கள் எழுதவில்லை. நூறு கோப்பு இருக்கும் இடத்தில் எது கெட்டது என்று அது உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. லியாகத் பாய் பலவற்றில் கை வைத்தார் என்று நீங்களே எழுதினீர்கள். ஆனாலும் நேராக ஒரு கோப்பின் நகலை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், முதல் தடவையிலேயே. நான் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது. அழித்த சொல் ஒலி அட்டை, பேச்சைக் கொண்டுவரும் சவுண்டு கார்டு, இல்லையா?

அவருக்கு அது தெரியாது. தன் கையால் கெட்டது என்று மட்டும் தெரியும். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் என்னிடமிருந்து கடிதம் வராது. கிறிஸ்துமஸுக்கும் வராது.

மதினிக்கு என் அன்பு.

செல்வி

*

இராயபுரம்,
7 ஜனவரி 2007

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதம் இல்லாத கிறிஸ்துமஸை மதினி புரிந்துகொள்ளவில்லை. தபால் தவறியிருக்கும் என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

ஒலி அட்டைதான். கர்சர் ஒரு வரி மேலே இருந்தபோதே அவர் முதலில் ஹாஷ் வைத்துவிட்டார். இடம் தவறியது தெரிந்து கீழே வந்து மோடம் வரிக்கும் வைத்தார். மேலே வைத்ததை எடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். குறியைச் சொல்லாத பேச்சில் இரண்டு வரியும் முன்பு போலவே கேட்டன. அன்று சாயங்காலம் எனக்கு அது கேட்டபோது விரல் விசையின் மேல்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். பிள்ளைகள் கை தட்டியது காதிலேயே இருந்தது. எடுத்துவிட்டேன், விரலை.

பரீட்சை முடிகிற வரை தள்ளிப்போட்டேன். பிறகு கிறிஸ்துமஸ் முடிகிற வரை. நேற்று ஆட்டோவில் தண்டையார்பேட்டை போனேன். ஷரீஃபுன்னிசா கதவைத் திறந்தார். “வாங்க சார். நல்ல வேளை வந்தீங்க. மனுசன் ரூம வுட்டு வெளிய வர்றதில்ல. நீங்கனா சொல்லுங்க” என்றார்.

லியாகத், “அட, நைனா! எங்க வூட்ட எப்டி கண்டுபுட்ச்ச?” என்று எழுந்து வந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

அவர் கட்டிலில் திரும்ப உட்காரும் சத்தம் கேட்டது.

“எப்போ கேட்ட?”

“அன்றைக்குச் சாயங்காலமே, பாய்.”

“அன்னிக்கேவா? பசங்க அயுதுகினு நின்னப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் நைனா?”

“பொறாமை.”

“எம் மேலயா?” அவர் சிரித்தார். வாசகசாலையில் கேட்கும் சிரிப்பு இல்லை. “மூணு வருசமா வூட்டுக்குள்ளயே செவுத்துல முட்டிகினு கெடந்தவன் மேலயா? கண்ணுதான் போச்சுன்னு பாத்தா மூளையும் பூட்ச்சு, இனிமே எதத் தொட்டாலும் கெட்த்துடுவேன்னு இவகிட்ட சொல்லிகினு கெடந்தேன். நீ போ நைனா. இப்ப பேசாத.”

அதற்குள் ஷரீஃபுன்னிசா டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். லியாகத் முன்னால், அந்த அறையில், அதைக் குடித்து முடித்தேன். இவ்வளவு நீளமான டீயை நான் குடித்ததில்லை.

திரும்பும்போது ஹில்டாவிடமும் சொல்லிவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றி லியாகத்துக்கு மட்டும் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். இனி நான் அங்கே போவதாக இல்லை.

அண்ணன்

*

பாளையங்கோட்டை,
19 ஜனவரி 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பனியில் இளைப்பு அதிகம், மருந்தோடுதான் படுக்கை. மதினிக்கு இன்று தனியாக ஒரு வாழ்த்து வைத்திருக்கிறேன், படித்துக்காட்டுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து யாருக்கு என்ன லாபம்? பாஸ்வேர்டு இல்லாமலும் அங்கே ஒரு பெஞ்சில் உட்காரலாம். போங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

லியாகத் பாய் எனக்கு ஒரு பிரெயில் கடிதம் போட்டிருக்கிறார். ஹில்டாவிடம் விலாசம் வாங்கினாராம். பாதிப் புள்ளிகள் தலைகீழ், ஒரு சாயங்காலம் முழுக்கத் தடவிப் படித்தேன். என்ன எழுதியிருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

செல்வி

*

இராயபுரம்,
11 பிப்ரவரி 2007

அன்புத் தங்கைக்கு,

சுகம். மதினி உன் வாழ்த்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிரஷர் இறங்கியிருக்கிறது. இளைப்புக்கு வெந்நீர் மட்டும் குடி.

அவர் உனக்கு என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போல இருக்கிறது.

வாசகசாலைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். லியாகத் மறுபடி வரத் தொடங்கியிருந்தார். பேச்சுக் கொடுக்கவில்லை. முன்பு போலச் சத்தமாகச் சிரிப்பதும் இல்லை. அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். சில நாள் இப்படியே போயிற்று. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாது. ஹில்டா சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று, தினமும் பாடங்களைப் புது டிஸ்கில் தானாகவே நகல் எடுக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் ஓர் அமைப்புக் கோப்பில்தான் வரி சேர்க்க வேண்டும். லியாகத் ரூட்டாக நுழைந்துவிட்டு நாற்காலியைத் தள்ளினார்.

“நைனா, இங்க வந்து குந்து. நீ அடி. நா கேக்கறேன்.”

“நீங்களே செய்யுங்க பாய்.”

“நா பண்ணா நீ கேப்ப, அப்பால வூட்டுக்குப் பூடுவ. நீ அடி.” பேச்சில் எல்லாக் குறிகளையும் அவரே போட்டார். ஒரு பிள்ளை சிரித்தது. “இன்னா சிரிப்பு? மூடிகினு கேளு” என்றார்.

அடித்தேன். இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் யாரும் காது வைத்து உட்கார்ந்ததில்லை. மெதுவாக, குறி குறியாக, முதலிலிருந்து படிக்கவைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சேமிக்கப் போனேன்.

“இரு நைனா. அந்தப் பேருல ஃபோல்டர் இல்ல. பொங்கல் முட்ஞ்ச கையோட பாடத்தெல்லாம் வேற பேருக்கு மாத்திட்டேன். நீ அப்போ வரல.”

சேமிக்காமல் கையை எடுத்தேன். என்னைக் கேட்காமல் மாற்றியிருக்கிறார். அவர் மாற்றியது நல்ல மாற்றம்தான், பாடவாரியாகப் பிரித்திருக்கிறார். நான் செய்திருக்க வேண்டியது அது. என் கையால் அடித்த வரி அப்படியே போயிருந்தால் இல்லாத இடத்தைத் தினமும் நகல் எடுத்துக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது.

“பாய், எனக்கு இன்னும் எரிகிறது” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

“எரியட்டும் நைனா. வரியத் திருத்து.”

திருத்தினேன்.

அன்புள்ள அண்ணன்,
ஆசீர்வாதம்